வெறுங்கரை

கண்டக்குழியில் சூரியன் எழுவது களப்பு என்கிற உப்பங்கழியில், விழுவது கடலில். விழுவதைப் படம் எடுக்க வெள்ளைக்காரர் முதல் உள்ளூர் இளசுகள் வரை கூட்டம் கூடும். எழுவதை எடுக்கக் காலை ஐந்தரைக்குக் களப்புக் கரையில் கமெராவும் ஸ்டாண்டுமாய் நிற்பவன் ஜெயந்தன் ஒருவன்தான்.

கலியாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைக்கிறவன். மூன்று வருடமாக அந்தக் கரையோர ஹோட்டலுக்கு விடியல் படங்களும் கொடுத்தான். வேலையில் சரியான கறார். படத்தை மூன்றாகப் பிரி, அடிவானத்தை மேல்கோட்டிலோ கீழ்கோட்டிலோ வை, நடுவில் மட்டும் வைக்காதே என்பது எல்லோரும் சொல்கிற விதி. களப்பு அசையாமல் கிடக்கிற நாளில் அவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நட்டநடுவிலேயே வைப்பான். மேலே ஒரு சூரியன், தண்ணீரில் இன்னொன்று. ஆனால் ஒரு விதியை அவன் உடைத்ததே இல்லை. படத்துக்கு உதவாத எதுவும் பிரேமுக்குள் இருக்கக் கூடாது.

உதவாதவை எவை என்று கேட்டால் வயிறு எரியும். பதினொரு மீன்பிடி வள்ளங்கள், வலைக் குவியல்கள், மண்ணெண்ணெய்க் கான்கள். மாமனார் பஸ்தியானின் வள்ளமும் அதற்குள் அடக்கம்.

"மாமா, அஞ்சு நிமிசம். கொஞ்சம் தள்ளி வையுங்கோ."

பஸ்தியானும் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். வீட்டு மருமகன் கேட்டால் என்ன செய்வது?

இந்த வருடம் அந்தக் கரையை வேலி போட்டு எடுக்க ஹோட்டல் விண்ணப்பித்தது. வேலி வந்தால் பதினொரு வள்ளத்துக்கும் ஒதுங்க இடமில்லை. வள்ளங்கள் அந்தக் கரையைப் பாவிக்கின்றனவா என்று பிரதேச செயலக அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி விசாரணை வைத்தார். "படம் பிடிக்கிற மருமகன் இருக்கான், அவனிட்ட இல்லாத அத்தாட்சியா" என்று பஸ்தியான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். ஜெயந்தனிடம் அப்படி ஒரு படமும் இல்லை. வள்ளம் விழுந்த படங்களையெல்லாம் குப்பை என்று அவன் அன்றன்றைக்கே அழித்திருந்தான்.

ஹோட்டல் மேனேஜர் சாள்ஸ் சிரித்துக்கொண்டே நாற்பது படங்களை மேசையில் பரப்பினார். "மூண்டு வருசப் படம், மிஸ். திகதியும் இருக்கு. ஒரு வள்ளத்தைக் காட்டச் சொல்லுங்க பாப்பம். வெறுங்கரை இது."

ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஜெயந்தனின் பெயர். பஸ்தியான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"இதுக்குத்தானாடா எங்களைத் தள்ளச் சொன்ன நீ?"

ஜெயந்தனுக்கு மண்டை கொதித்தது. சாள்ஸின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட, நாற்பது படங்களையும் அழகு அழகு என்று செதுக்கிய தன் கையை முறித்துப் போடலாம் போலிருந்தது.

"நீங்கள் எடுத்த படங்கள்தானே?" அதிகாரி அம்மா கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லு, ஜெயந்தன்," என்றார் சாள்ஸ். "செட் பண்ணின படமெண்டு சொன்னா நாளைக்கு உன்னை ஆர் கூப்பிடுவாங்கள்?"

ஜெயந்தன் ஒரு படத்தை எடுத்து அதிகாரி முன் தட்டி வைத்தான். "இந்த மணலில நீளமாக் கிடக்கிற கோடுகளைப் பாருங்கோ, மிஸ். பாக்கிறவன்ர கண்ணைச் சூரியன் வரைக்கும் கொண்டுபோகும் எண்டு நான்தான் விட்டு வைச்சனான். தானா விழுந்த கோடில்ல. வள்ளம் இழுத்த தடம்."

"அப்ப வள்ளங்கள் எங்கே?"

"எனக்குப் பின்னால. நான்தான் தள்ளச் சொன்னன். எல்லாம் செட் பண்ணின படம்."

சாள்ஸின் சிரிப்பு நின்றது. பஸ்தியானின் கோபம் நிற்கவில்லை. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அதை வடிவா எழுதுங்கோ, மிஸ். இவன்ர படத்துக்காக நாங்கள் பதினொரு வள்ளத்தையும் தூக்கித் தூக்கி இடுப்பொடிஞ்சு போனம். மூண்டு வருசம், நாள் தவறாம."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். "நாள் தவறாமலா? ஒவ்வொரு நாளும் அந்தக் கரையில் கிடந்த வள்ளங்களைத் தள்ளினீர்களா?"

"ஞாயிறு இல்ல," என்றார் பஸ்தியான், மருமகனின் முகத்தைப் பார்க்காமலே. "அண்டைக்குப் பூசை."