முட்டம்பாறையின் ஒரே டெலிபோன்

12.03.2005. முன்பணம், ரூ. 500.
12.03.2005. ஏரியல் கட்ட இரும்புக் குழாய், ரூ. 340.
08.06.2010. பேட்டரி, ரூ. 650.
10.08.2015. பதிவுத் தபால், ரூ. 25.
05.11.2015. பதிவுத் தபால், ரூ. 25.

போடிக்கு மேலே ஜீப் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் முட்டம்பாறை. நாற்பத்தொரு வீடுகள். செல்போன் சிக்னல் கிடையாது. நான் டெலிபோன் மெக்கானிக்காக இருந்தபோது, மொக்கம்மாள் வீட்டுக் கூரையில் ஏரியலைக் கட்டி, கீழே இருந்த டவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். கம்பி இழுக்க முடியாத ஊர்களுக்கு அப்போது இந்த ரேடியோ போன்தான். கரண்ட் இல்லாதபோது பேட்டரியில் ஓடும்.

மொக்கம்மாளுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. கணவர் இறந்து ஆறு வருடம். கூலிக்கு ஏலக்காய் தரம் பிரிப்பாள். ஒரே மகன் முத்துக்குமரன். ஊரில் யாருக்குப் போன் வந்தாலும் வீடு வரை நடந்து போய்க் கூட்டி வருவாள்.

ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டங்களில் வேலை. திங்கட்கிழமை நடந்து போவார்கள். சேர்ந்ததும் செல்போனிலிருந்து இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். அதற்கு மேல் அடித்தால் பேச வேண்டும் என்று பொருள். தோட்டத்தில் சிக்னல் சரியாக வராது என்று சிலர் வழியிலுள்ள மேட்டிலேயே இரண்டு ரிங் விடுவதும் உண்டு. திரையில் எண்ணைப் பார்த்து யாரென்று மொக்கம்மாள் சொல்லிவிடுவாள்.

ஒருமுறை அப்படி ரிங் வந்தபோது நான் ரிசீவரை எடுக்கப் போனேன்.

"கைய எடுங்க சார்! எடுத்தா அவனுக்குக் காசு போயிரும்."

"அப்ப எங்க ஆபீசுக்கு வருமானம்?"

"உங்களுக்குத்தான் மாசமானா சம்பளம் வருதுல்ல. பத்தாதாக்கும்?"

2014 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். அதற்கு முன் கடைசியாகப் போனபோது பேட்டரியை மாற்றச் சொன்னேன். கரண்டில் ஓடுகிறதே என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

20.07.2015, திங்கள். மழை. ஊரில் கரண்ட் இல்லை. முத்துக்குமரன் காலை ஐந்தரை மணிக்குத் தோட்டத்துக்குக் கிளம்பினான். 8.40க்குப் போன் இரண்டு முறை அடித்து நின்றது. அவன் எண்தான். மொக்கம்மாள் மருமகள் நாகஜோதியிடம், "சேந்துட்டான் ஆத்தா, நீ சோத்தத் தின்னு" என்றாள். மாலையில் கரண்ட் வந்தது.

செவ்வாய் மாலை தோட்டத்துக் கங்காணி கூப்பிட்டு, முத்துக்குமரன் ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். புதன் காலை, அந்த மேட்டுக்குக் கீழே மண் சரிந்த இடத்தில் உடலை எடுத்தார்கள். கால் ஒடிந்திருந்தது. உயிர் எப்போது போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. செல்போன் கிடைக்கவில்லை.

"கூப்பிட்டிருக்காக அத்தே. நீங்க எடுக்கல" என்றாள் நாகஜோதி. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இருக்காமல் மார்க்கையன்கோட்டையில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

02.08.2015 ஞாயிறு அன்று நான் போனேன். பழைய நண்பர் வைகுண்டராஜிடம், சரியாகப் பதினொரு மணிக்குப் போடியிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டு விடாமல் அடிக்கச் சொல்லியிருந்தேன். பத்து ஐம்பத்தைந்துக்குக் கரண்டை அணைத்தேன். போன் அடித்தது. இரண்டாவது ரிங்கோடு செட் செத்துவிட்டது. திறந்து பார்த்தேன். பேட்டரி உப்பியிருந்தது.

மொக்கம்மாள் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் விட்டது ரெண்டு ரிங்குதானா சார், இல்ல விடாம அடிச்சானா?"

"இத வச்சுச் சொல்ல முடியாது மொக்கம்மா."

"மேட்டுல ரெண்டு விட்டுட்டு, அப்புறம் விழுந்திருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"ஆபீசுல தெரியும்ல? எத்தன ரிங்குன்னு எழுதி வச்சிருப்பாகள்ல?"

கேட்கலாம் என்றேன். எடுக்காத அழைப்புக்குப் பதிவு இருக்காது என்று எனக்கு ஓரளவு தெரியும். அதைச் சொல்லவில்லை.

மனுவை நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். 20.07.2015 காலை 8.40க்கு வந்த அழைப்பு எத்தனை விநாடி நீடித்தது என்பது ஒன்றுதான் கேள்வி. வேறு பிரிவுக்கு அனுப்பியிருப்பதாக முதல் பதில் வந்தது. இரண்டாவது பதில், எண் அவள் பெயரில் இருப்பதற்குச் சான்று கேட்டது. முன்பண ரசீதின் நகலை அனுப்பினோம். டிசம்பர் கடைசியில் ரேடியோ சேவையே நிறுத்தப்பட்டது. செட்டைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். குழாய் கூரையிலேயே இருந்தது.

கடைசிக் கடிதத்தில் இரண்டு வரிகள். எடுக்கப்படாத அழைப்புகளுக்குப் பதிவு வைக்கப்படுவதில்லை. இத்துடன் மனு முடித்து வைக்கப்படுகிறது. மொக்கம்மாள் என்னை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு ஏலக்காய்த் தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கடிதம் வந்தது 19.02.2016, வெள்ளிக்கிழமை.