மச்சான் கிடைச்சானா?

பின்னறையிலிருந்து புஸ்... புஸ்... என்று காற்றடிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கால் பம்பின் சத்தம். முன்னறையில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடப் பழக்கம். அவர் ஒரு மிதி, இவள் ஒரு மிதி. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒற்றுமையாகச் செய்த வேலை என்று சொன்னால் இது ஒன்றுதான்.

அவள் தைத்துக்கொண்டிருந்தது ஓர் இருக்கை. லாரி டியூபின் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும் தடித்த கித்தான் துணி. கால்கள் வெளியே வருவதற்கு இரண்டு ஓட்டை. அதில் உட்கார்ந்து, இடுப்புவரை தண்ணீரில் மிதந்தபடி, பாதத்தில் மாட்டிய ரப்பர் துடுப்பால் உதைத்து உதைத்து ஏரியின் நடுவுக்குப் போய்விடுவார் அவர். இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாது. தண்ணீர் குளிரத் தொடங்கியதும் கெளுத்தி மீன்கள் ஆழத்திலிருந்து மேடேறி வந்து கண்டதையும் விழுங்குமாம். அதற்கென்று கோழி ஈரலை இரண்டு நாள் வெயிலில் வைத்து நாற வைப்பார். தூண்டில் முள்ளிலிருந்து நழுவாமல் அதைச் சுற்றிக் கட்ட, பழைய வலைத்துணியைத் துண்டு துண்டாக வெட்டித் தருவதும் இவள்தான்.

டியூப் அவர் வேலை பார்க்கும் டயர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. கித்தான் இவள் தைத்தது. ஆக, அந்த ஆழத்துக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது இவள் போட்ட தையல் மட்டும்தான். முதல் வருடம் ஒருநாள், இரண்டு விரல்கடை அளவுக்குத் தைக்காமல் விட்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன்மேல் நான்கு வரிசை தையல் போட்டாள். அந்த இரண்டு விரல்கடையைப் பற்றி அவளுக்கும் ஊசிக்கும் மட்டுமே தெரியும்.

அவளுடைய வலது கட்டைவிரல் கோணலாக இருக்கும். கேட்பவர்களிடம் கதவில் நசுங்கியது என்பாள். கதவு நசுக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். சட்டையின் வலது கையைப் பொறுமையாக, மடிப்புக் கலையாமல், முழங்கைவரை சுருட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று மடிப்பு. நான்காவது மடிப்பு முடிந்தால் இவளுக்கு எங்கேயாவது ஒரு இடத்தில் அடி விழும். பதினேழு வருடம் அவள் அந்த மடிப்புகளைப் பார்த்தே வாழ்ந்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த மீன் வந்தது.

ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலு பேர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் டியூபில் மிதந்தபடி தூண்டில் போட்டிருந்தார். திடீரென்று தூண்டிலின் நைலான் நரம்பு விறைத்தது. டியூபோடு, ஆளோடு, நூறு அடி தூரத்துக்குத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனது அது. கடைசியில் நரம்பு படீரென்று அறுந்தது. கரைக்கு வந்து விழுந்தவர், மூச்சு வாங்க வாங்க, "யாருடா அவன்! சொந்த மச்சான் மாதிரி உரிமையா இழுத்துட்டுப் போறான்!" என்றார்.

நாலு பேரும் தரையில் புரண்டு சிரித்தார்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த மீனுக்குப் பெயர் மச்சான். அன்றிலிருந்து பேருந்து நிறுத்தத்தில், முடிதிருத்தும் கடையில், ஒர்க்‌ஷாப் வாசலில், பார்க்கிற எவனும் கேட்கும் ஒரே கேள்வி, "என்ன, மச்சான் கிடைச்சானா?"

"எங்க போயிடப் போறான்? இந்த வருஷம் விடமாட்டேன்!" என்று மார் நிமிர்த்திப் பதில் சொல்லிவிட்டுப் போவார். அவர் முதுகு திரும்பியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள். சின்னக் கெளுத்தி மாட்டினால், "போ, போய் உங்க மச்சானை வரச் சொல்லு" என்று திட்டி, தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம்.

அந்த ஊரில் விஷயம் தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பெடலை நிறுத்திவிட்டுப் போய்த் திறந்தாள். அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். காற்றில் தலை கலைந்து, சட்டைக் காலரில் ஒரு காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மாமா கிளம்பிட்டாரா?"

"காத்தடிச்சுட்டிருக்கார். என்னடா, காலங்காத்தால?"

"வெளிய வந்து பாரு. மரத்தையே பிடுங்கற மாதிரி அடிக்குது. இந்தக் காத்துல ஏரிக்குப் போறாரு. போன வாரம்தான் டாக்டர் என்ன சொன்னார்? இதயம் பாதிதான் வேலை செய்யுது, குளிர்ந்த தண்ணியில இறங்கவே கூடாதுன்னு சொல்லலையா?"

"சொன்னார்."

"அப்புறம்? நான் சொல்லிடப் போறேன்க்கா. இனிமே என்னால முடியாது. அவர் செத்தா நான்தான் கொன்னேன்னு ஆயிடும்."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "சத்தியம் பண்ணியிருக்கே."

"அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி. அப்போ அவருக்கு இதயம் நல்லா இருந்துச்சு."

"எனக்கு?" என்றாள் அவள். அவள் கேட்டது அவனுக்குப் புரியவில்லை.

அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் பின்வாசல் வழியாக, ஈரத் தலையோடு, உள்ளங்கையில் ரத்தம் வழிய வந்து நின்றான். சிரிப்பு அடங்கவில்லை அவனுக்கு. நாணல் பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, அடியிலேயே நீந்திப் போய், மாமாவின் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றி இழுத்ததாகச் சொன்னான். ஒர்க்‌ஷாப் ஆட்களோடு சேர்ந்து போட்ட திட்டம். நரம்பு அறுந்தபோது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டே அவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

பிறகு அவர் வந்தார். முகமெல்லாம் விளக்கு ஏற்றினாற்போல. சாப்பாட்டில் உப்பு இல்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. மீனைப் பற்றியே பேசினார். அந்த வாரம் சட்டைக் கை மடியவில்லை. அடுத்த வாரமும் மடியவில்லை. ஒரு மாதம் போனது. ஐயோ, அந்த ஒரு மாதம்! காலையில் எழுந்ததும் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று தேடாமல் எழுந்த மாதம் அது. தம்பியைக் கூப்பிட்டு, அவரிடம் உண்மையைச் சொல்லக் கூடாதென்று தன் தலையில் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இல்லாத ஒரு மீன் அவளுக்கு வாங்கித் தந்த வாழ்வு அது. ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னறையில் பம்பு நின்றது.

"யாரு, மச்சானா? வாடா வா!" என்றபடி அவர் வந்தார். நெற்றியில் வியர்வை. நாலு மிதிக்கே இரைத்தது. "பாத்தியா காத்தை? இந்த மாதிரி நாள்லதான் பெருசு மேல வரும். இன்னிக்கு ஒண்ணு அவன், இல்ல நான்."

"மாமா, நீங்க போக வேண்டாம்."

"ஏன்டா, உங்க அக்கா அழுதாளா?"

"அங்க மீனே இல்ல மாமா." தம்பி குறுக்கே வந்து நின்றான். "அன்னிக்கு இழுத்தது நான். நான்தான் மாமா. தண்ணிக்கு அடியில வந்து நரம்பைப் பிடிச்சு இழுத்தேன். சும்மா விளையாட்டுக்கு. எல்லாருக்கும் தெரியும். இதோ பாருங்க." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, நூல் பிடித்துப் போட்டாற்போல.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். முகத்தில் இருந்த விளக்கு ஒவ்வொன்றாக அணைவது அவளுக்குத் தெரிந்தது. பேருந்து நிறுத்தம், முடிதிருத்தும் கடை, ஒர்க்‌ஷாப் வாசல் என்று ஒவ்வொரு சிரிப்பாக அவர் எண்ணிப் பார்த்தார். ஒன்பது வருடச் சிரிப்பு.

பிறகு, தம்பியை விட்டுவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவருடைய இடது கை, வலது சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றியது. ஒரு மடிப்பு. நிதானமாக, சுருக்கம் விழாமல். இரண்டாவது மடிப்பு.

அவளுடைய கட்டைவிரல் தானாகவே உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டது. ஒன்பது வருடம் மறந்ததாக நினைத்திருந்த விரல் அது.

"சொல்லு. நீயும் சேர்ந்து சிரிச்சியா?" மூன்றாவது மடிப்பு.

"பொய் சொல்றான்," என்றாள் அவள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். "அக்கா..."

"உங்க உடம்புக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து கதை கட்டிட்டு வந்திருக்கான். டாக்டர் சொன்னதை இவன்கிட்ட சொன்னது என் தப்பு." அவள் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. "அந்த ஞாயித்துக்கிழமை காலையிலேர்ந்து இவன் இங்கதான் இருந்தான். அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி மாத்திட்டிருந்தான். அதுக்கு முந்தின வாரம் நீங்க தட்டை எறிஞ்சு உடைச்சீங்களே, அதே ஜன்னல்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தட்டு எறிந்தது நினைவு இருந்தது. கண்ணாடி மாற்றியதும் நினைவு இருந்தது. அது முந்தின நாள், சனிக்கிழமை என்பது மட்டும் நினைவில் இல்லை.

"அந்தத் தழும்பு?"

"கண்ணாடி கிழிச்சது. கண்ணாடி வேலைக்காரனுக்குக் கை கிழியறது அதிசயமா? நான்தானே கட்டுப் போட்டேன். நீங்க மீன் கதை சொல்லிட்டே உள்ள வந்தப்போ கட்டுப் போட்ட கையோட உட்கார்ந்திருந்தானே!"

"ஆமா," என்றார் அவர் யோசனையோடு. "கட்டு இருந்துச்சு. கண்ணாடின்னுதான் சொன்னே."

"அக்கா, பாவம்க்கா அவர். உண்மையைச் சொல்லு," என்றான் தம்பி. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"மீன் ஆளோட டியூபை இழுத்துது. இவனால முடியுமா, நீங்களே சொல்லுங்க," என்றாள் அவள். "ஒரு கண்ணாடியைத் தூக்கிட்டு ரெண்டாவது மாடி ஏறினா மூணு தடவை உட்கார்ற ஆளு."

அவர் தம்பியை மேலிருந்து கீழ்வரை அளந்து பார்த்தார். முதலில் உதடு கோணியது. பிறகு வயிறு குலுங்கியது. பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நீ? என்னை? இந்த ஊசி உடம்பை வெச்சுக்கிட்டா? டேய், அவன் ராட்சசக் கெளுத்திடா, உன்ன மாதிரி நாலு பேரை வாயில போட்டுக்குவான்!" சிரித்தபடியே சட்டைக் கையை இறக்கிவிட்டார். மூன்று மடிப்பும் பிரிந்து தொங்கின. "நல்ல மனசுடா உனக்கு. ஆனா பொய் சொல்ல வரலை."

தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "சீட் தச்சு முடிஞ்சுதா?" என்றார்.

"ஒரு ஓரம் பாக்கி."

"ரெட்டைத் தையலா போடு. இன்னிக்கு அவன் இழுப்பான்."

அவர் பின்னறைக்குப் போனார். அவள் மெஷினில் உட்கார்ந்து, கித்தானை ஊசிக்கடியில் வைத்து, அந்த ஓரத்தை ரெட்டைத் தையலாகப் போட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தம்பி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அவை நடுங்கவில்லை. சின்ன வயதில் அவன் கீழே விழுந்தால் ஓடிவந்து தூக்கிய விரல்கள்.

வாசல்வரை அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்ததும் காற்று காய்ந்த இலைகளை வாரி உள்ளே கொட்டியது.

"இன்னிக்கு அவர் திரும்பி வரலைன்னா?" என்றான்.

"வீட்லயே இருந்தா நான் என்ன ஆவேன்னு ஒரு தடவை கேட்டியாடா நீ?" அவள் கோணல் விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கதவுல நசுங்கினது இல்ல இது."

அவன் அந்த விரலைப் பார்த்தான். படியில் இறங்கிய பிறகுதான் திரும்பி நின்றான். "நான் விளையாட்டுக்குத்தான் செஞ்சேன்க்கா. நீ..."

"இனிமே இந்தப் பக்கம் வராதே."

அவன் காலரில் அந்த இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிடக் கை எழுந்தது அவளுக்கு. எழுந்த கையை அப்படியே கதவின்மேல் வைத்துக்கொண்டாள். அவன் தலை குனிந்து தெருவில் இறங்கி நடந்தான்.

பின்னறையில் பம்பு மறுபடி புஸ் என்றது. "மச்சான் போயிட்டானா?" என்று உள்ளேயிருந்து அவர் கத்தினார்.

"போயிட்டான்," என்று சொல்லி, அவள் கதவைச் சாத்தினாள்.