பன்னிரண்டு பேரும் ஒரு மொட்டையும்

திருத்தணியில் புஷ்பலதாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமூகம் என்று காதில் விழுந்ததுமே ஊர் அதைச் சமூக சேவை ஆக்கிவிடும். ஆட்டோ எல்லப்பன் பதினோரு வருடமாக அவளைக் கல்லூரிக்கு ஏற்றிப்போகிறார். வாரம் ஒரு தடவையாவது, "மேடம், எங்க மாமியாருக்கு ரேஷன் கார்டுல பேர் தப்பா வந்துகினு இருக்குது, ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்க" என்பார். தன் படிப்பு அதற்கானதில்லை என்று அவளும் பொறுமையாக விளக்குவாள். விளக்கி முடித்துவிட்டு, தாலுகா அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பாள். அவளையும் திருத்த முடியாது.

இந்த வருடம் அவள் தலைக்கே ஆபத்து வந்தது. காமர்ஸ் கிடைக்காதவர்கள், கம்ப்யூட்டர் கிடைக்காதவர்கள் என்று பதினைந்து பேர் சமூகவியலில் வந்து விழுந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வரை பாடம் மாற்றிக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் பன்னிரண்டு பேராவது மிஞ்சாவிட்டால் துறையை மூடிவிடப்போவதாக முதல்வர் சிரித்த முகத்தோடு சொன்னார். துறை என்றால் ஒரு அறை, ஒரு பீரோ, ஒரு புஷ்பலதா. அவளோ நிரந்தர ஆசிரியையும் இல்லை. மூடினால் பீரோவுக்காவது வேறு அறை கிடைக்கும்.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் சமூகம் என்பதற்கு ஆறு வரையறைகளைச் சொல்லி எழுதவைத்தாள். மத்தியானத்துக்குள் மூன்று பேர் மாற்றல் படிவம் வாங்கிவிட்டார்கள்.

கல்லூரி வாசலில் நின்று மலையைப் பார்த்தாள். "முருகா, பன்னெண்டு கை வச்சிருக்கியே, மிச்சம் இருக்கிற பன்னெண்டு பேர ஆளுக்கு ஒரு கையால புடிச்சி வை. மொட்டை போட்டுக்கறேன்." வாய் முந்திக்கொண்டுவிட்டது. சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேர்த்திக்கடன் என்பது மனிதர்கள் கடவுளோடு நடத்தும் கொடுக்கல் வாங்கல் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் அவள். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும்.

மறுநாள் வகுப்பில் வளவன் தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். குடும்ப வேண்டுதலுக்காக அன்று காலையில்தான் மொட்டை போட்டிருந்தான்.

"தொப்பிய எடுப்பா."

"வேணாம் மிஸ்."

அரக்கோணத்து மெக்கானிக் மகன் அர்பாஸ் திரும்பினான். "இன்னாத்துக்குடா வெக்கப்படற? இந்த ஊர்ல மொட்டைய எவன் பாக்கறான்? மெட்ராஸ் போனாதான் பாப்பாங்க."

"எந்த ஸ்டேஷன்லேர்ந்து பாப்பாங்க?" என்று கேட்டாள் புஷ்பலதா.

யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

புதன்கிழமை காலை பன்னிரண்டு பேரும் நோட்டுகளோடு சென்னை ரயிலில் ஏறினார்கள். வளவன் தலையில் புதிதாகச் சந்தனம் பூசி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். அரக்கோணம் வரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. திருவள்ளூரில் ஒரு பெரியவர், "திருத்தணியா, திருப்பதியா?" என்று மட்டும் கேட்டார். ஆவடியில் இரண்டு பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். பெரம்பூர் தாண்டியதும் பெட்டியே பார்த்தது. திரும்பும்போது சந்தனத்தைத் துடைத்துவிடச் சொன்னாள். வில்லிவாக்கத்தில் ஏறிய ஒரு அம்மாள், "யாருப்பா தவறிட்டாங்க, அப்பாவா?" என்று தோளைத் தொட்டுக் கேட்டார். வெட்கத்தில் வளவன் "ஆங்" என்றுவிட்டான். அவன் அப்பா கல்லுக்குண்டாட்டம் பள்ளிப்பட்டில் கடை நடத்திக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்து, திருவள்ளூர் வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். வளவன் பிஸ்கட் முழுவதையும் தின்றான்.

அதே தலை. காலையில் பக்தன், மத்தியானம் தகப்பனை இழந்தவன். மொட்டைக்கு அர்த்தம் தலையில் இல்லை, பார்க்கிறவர்களிடம் இருக்கிறது என்று அனிதா என்ற மாணவி தன் நோட்டில் தானாகவே எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது புஷ்பலதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை அந்த அனிதாவின் அப்பா பரசுராமனே மாற்றல் படிவத்தோடு வந்து நின்றார். மலைமேல் முடியிறக்கும் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர்.

"இத்தப் படிச்சா இன்னாங்க வேல கெடைக்கும்?"

தன் வேலையே சாயங்காலம் வரைதான் என்று புஷ்பலதா எப்படிச் சொல்வாள்?

"நைனா, மொதல்ல இத்தப் படி" என்று அனிதா நோட்டை நீட்டினாள். பரசுராமன் எழுத்துக்கூட்டிப் படித்தார். பிஸ்கட் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு முதலிலிருந்து படித்தார்.

"எவ்ளோ தல மழிச்சிருக்கேன். படி எறங்கிப் போனப்புறம் அந்தத் தலைங்களுக்கு இன்னா ஆவுதுன்னு ஒருநாளும் நெனச்சதில்லீங்க" என்றார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டு பேர் நின்றுவிட்டார்கள். வேலையும் தப்பியது. அப்புறம்தான் தலைமுடி ஞாபகம் வந்தது. வேண்டிக்கொண்டது மொட்டைதான், ஆனால் பெண்கள் பலர் நுனியில் மூன்று கத்தரி மட்டும் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அப்படி முடித்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப்போட்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறினாள். சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தால், எதிரில் கத்தியோடு பரசுராமன்.

"டீச்சரம்மாவா! முழுசுங்களா, மூணு கத்தரியா?"

"மூணு..."

"வேண்டிக்கினது இன்னாங்க?"

அந்த மனிதரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "முழுசுதான். பன்னெண்டு பேர் நிக்கணும்னு."

பரசுராமன் கத்தியைக் கீழே வைத்தார். "பன்னெண்டாவது எம்பொண்ணுங்களா?"

"ஆங்."

"அப்ப சாமி எங்கங்க வந்தாரு? கையெழுத்து போடாத போனது நான்தானே?" என்றவர் சொம்பை எடுத்தார். "இருந்தாலும் வேண்டினது வேண்டினதுதான். குனிங்க."

திங்கட்கிழமை முக்காட்டோடு வகுப்பில் நுழைந்தாள். எல்லப்பன் வழியெல்லாம் ரேஷன் கார்டைப் பற்றியே பேசி வந்ததில் எதையும் கவனிக்கவில்லை. வகுப்பு கவனித்தது. அனிதா எழுந்தாள்.

"மிஸ், நம்ம நோட்டுல பொம்பள மொட்டை இல்ல."

தப்பிக்க வழியில்லை. அடுத்த சென்னை ரயிலில், சந்தனம் இல்லாமல், முக்காடு இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பன்னிரண்டு பேரும் அங்கங்கே உட்கார்ந்து நோட்டைத் திறந்துகொண்டார்கள். பெரம்பூர் வரை போக வேண்டியிருக்கவில்லை. அரக்கோணத்தில் ஏறிய பூக்காரம்மா எதிரில் வந்து உட்கார்ந்து, அவள் தலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "உடம்புக்கு இன்னாம்மா? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

'அரக்கோணம்' என்று பன்னிரண்டு பேனாக்கள் எழுதின. பதினோரு வருடத்தில் அவள் சொல்லாமலே ஒரு வகுப்பு எழுதியது அன்றுதான். புஷ்பலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் அனிதா குறித்துக்கொண்டாள்.