விதை அறைச் சாவி என்னிடம்

விதை காக்கிற வேலையில் விதை ஒருநாளும் தொல்லை தருவதில்லை. தொல்லை முழுவதும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களால்தான்.

யோகட் டப்பாவுக்குள் தக்காளி விதையும், பழைய கடித உறைக்குள் என்னவென்றே மறந்துபோன விதையும் சேர்த்து வைத்து, வீட்டாரிடம் ஏச்சு வாங்குகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் என்கிற இடத்தில், எங்கள் கூட்டுத் தோட்டத்துக்கு ஒரு சின்ன விதை அறை உண்டு. தட்டுகள், கண்ணாடிப் போத்தல்கள், ஒரு பழைய பிரிட்ஜ், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சம்பளம் கொஞ்சம் உண்டு. மரியாதை கிடைக்கிற அன்று கிடைக்கும்.

வழக்கமாகத் தோட்டக்காரர்கள் இலையுதிர் காலத்தில் தருகிற விதையை வசந்தத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போன வருடம் கதை மாறியது. நிலத்துக்கடியில் போகிற குழாய்களை மாற்றுவதற்காகத் தோட்டத்தையே கிண்டப் போகிறோம், ஐந்தாறு வருடங்களுக்கு ஒருவரும் ஒன்றும் நட முடியாது என்று நகரசபைக்காரர் சொல்லிவிட்டார்கள். மற்ற விதைகள் செத்தாலும் கடையில் வாங்கலாம். ஒன்றை மட்டும் வாங்க முடியாது. அது எங்கள் தோட்டத்துச் சிவநேசன் அண்ணையின் பயிற்றங்காய், முழ நீளத்துக்குத் தொங்குகிற காய். இந்தக் குளிருக்குப் பயிற்றங்கொடி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கும். பூக்கத் தொடங்கும்போது உறைபனி வந்துவிடும். அவர் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நட்டு, ஒவ்வொரு வருடமும் முதலில் முற்றிய காயிலிருந்து மட்டும் விதை எடுத்து எடுத்து, பனிக்கு முன்னரே காய்ந்து கலகலக்கிற ஒரு பயிற்றையை உண்டாக்கிவிட்டார். அது யாழ்ப்பாணத்திலும் கிடையாது. மனிதர் ஒருவருக்கும் ஒரு விதை கொடுத்ததில்லை. கறிக்குத் தருகிற காயைக்கூடப் பிஞ்சாகப் பிடுங்கித்தான் தருவார். தோட்டம் திரும்பத் திறக்கிற அன்று அந்தப் பயிற்றை முளைத்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

சுவாமித் தட்டு

முதலில் வந்தவர் வெஸ்ட்லியில் மாடிக் குடியிருப்பில் இருக்கிற சந்திரா அக்கா. கையில் ஒரு குங்குமச் சிமிழ். அதற்குள் மிளகாய் விதை. வெளியே இருந்து பார்க்க அருமையான விதை. ஈரக் காகிதத்தில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்து ஒரு கிழமை பார்த்தேன், இன்னொரு கிழமையும் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. "எங்கை அக்கா வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். "வேறை எங்கை, சுவாமித் தட்டிலைதான். நல்ல இடமெண்டுதானே வைச்சனான்" என்றார்.

அவருடைய சுவாமித் தட்டு சமையலறை அலுமாரிக்குள் இருக்கிறது. காலையும் மாலையும் விளக்கு எரியும். சிமிழ் அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நாள்தோறும் இரண்டு முறை சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விதைக்குள் இருந்த உயிர் போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். குளிர், இருட்டு, ஈரமில்லாத இடம் என்று எத்தனை தரம் தொண்டை கிழியக் கத்துகிறேன்! கடவுளுக்குக் காட்டுகிற வெளிச்சத்தை விதைக்கும் காட்டினால் அது என்ன செய்யும் என்று ஏசினேன். சந்திரா அக்கா சிமிழை மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சுவாமியைச் சொல்லாதை ரஞ்சி. விளக்குக் கொழுத்தினது நான்தான்."

ஊத்வாரின் தகரப் பெட்டி

ஊத்வார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நோர்வேக்காரர். தோட்டத்தில் உருளைக்கிழங்கைத் தவிர வேறெதையும் நட்டறியாதவர். ஒருநாள் விதை அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, இருமல் மிட்டாய்த் தகரப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். "இதை நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும். பத்து வருடம், முடிந்தால் அதற்கு மேலும்" என்றார். திறந்தேன். சாம்பல் நிறத்தில், மேலே கோடு கோடாக, மிளகை விடச் சின்ன விதைகள். கஞ்சா விதை என்று தெரிய எனக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. மூடி அவர் பக்கமே தள்ளினேன். "நடுவதாக இல்லை" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "என் வாழ்க்கையில் சட்டத்தை மீறியதில்லை. சட்டம் ஒருநாள் மாறும். மாறுகிற அன்று நான் தயாராக இருக்க வேண்டும்." அவருக்கு எழுபதுக்கு மேல்.

இந்த அறைக்குள் அது வராது, பிரிட்ஜுக்குள்ளும் வராது, கதவுக்கு வெளியே கொண்டுபோங்கள் என்றேன். எனக்கு இந்த வேலை வேண்டும். பிரிட்ஜுக்குள் இருக்கிற மற்ற விதைகளுக்கும் நான் வேண்டும். அவர் கோபிக்கவில்லை. சுவரில் எல்லா விதைக்கும் பொதுவாக நான் எழுதி ஒட்டியிருந்ததை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: நன்றாக உலரவிடு, காற்றுப் புகாமல் மூடு, குளிரில் வை, இருட்டில் வை. இப்படி வைத்தால் விதை பத்து வருடமும் தாங்கும், நீங்கள் தாங்குவீர்களா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஊத்வார் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நானும் இனிமேல் குளிரான, இருட்டான, ஈரமில்லாத இடத்திலேயே இருந்துகொள்கிறேன்."

மீனுக்குப் பக்கத்தில்

சிவநேசன் அண்ணை அந்த இலையுதிர் காலத்து விதையை இரண்டாகப் பிரித்தார். நான் விடாமல் நச்சரித்ததால் சின்னப் பங்கு எனக்கு. பெரிய பங்கை ஒருவரையும் நம்பாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். என் பங்கை நான் காற்றாட விரித்துக் காயவைத்தேன். பல்லால் கடித்துப் பார்த்தால் பல் பதியக் கூடாது, அதுதான் எனக்குக் கணக்கு. பிறகு போத்தலின் அடியில் வறுத்து ஆறிய அரிசியைச் சீலையில் முடிந்து போட்டு, மேலே விதையைக் கொட்டி, இறுக்கி மூடி பிரிட்ஜில் வைத்தேன். மிஞ்சியிருக்கிற ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் சனத்தின் வீடுகளில் நிலவறையில் ஆள் படுக்கக்கூடிய அளவில் ஒரு பிரீசர் இருக்குமே, அதற்குள், உரித்த கையோடு, உள்ளே ஈரம் வற்றாத விதையைப் பையில் கட்டிப் போட்டுவிட்டார். ஒரு பக்கம் விளைமீன், மறுபக்கம் முருங்கையிலை. இந்த நாட்டில் வடக்கே ஒரு மலைக்குள் உலகத்து விதையெல்லாம் பனியில் கிடப்பதாகச் செய்தியில் பார்த்தாராம். நான் ஒரு பிடி வாங்கி முளைக்கப் போட்டேன். மூன்றாம் நாள் கொழகொழத்து நாறியது. உள்ளே இருந்த தண்ணீர் உறைந்து விதையை உள்ளுக்குள்ளேயே கிழித்துவிட்டது, முதலில் உலர்த்த வேண்டும், பிறகுதான் உறையவைக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் முகம் விழுந்துபோனது. இனி மிச்சம் என் போத்தல் மட்டும்தான். ஆனாலும் மனிதர் தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆளா? கதவடியில் நின்று திரும்பிச் சொன்னார்: "அவங்கள் மலைக்குள்ளை மீன் வைக்கிறேல்லை பிள்ளை. அதுதான் பிழைச்சுப்போச்சு."

வாஃபிள் நாள்

தோட்டம் மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு டுக்நாட் வைத்தார்கள். எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் கூட்டித் துப்புரவாக்கி, முடிவில் ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். இந்த ஊரில் அது வாஃபிள் என்கிற கட்டம்போட்ட அப்பம் இல்லாமல் நடக்காது. அன்று எனக்குக் காய்ச்சல், போகவில்லை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் பிரிட்ஜின் வயர் தரையில் கிடக்கிறது. வாஃபிள் சுடுகிற இரும்பின் வயரைச் செருக இடம் வேண்டுமென்று ஊத்வார் கழற்றியிருக்கிறார்; திரும்ப மாட்ட மறந்துவிட்டார். உள்ளே தண்ணீர் வடிந்து போத்தல்கள் நனைந்திருந்தன. துடைத்து, வயரை மாட்டினேன். ஊத்வாரை அழைத்து, என் நோர்வேஜிய மொழியில் இருக்கிற அத்தனை கடுஞ்சொல்லையும் செலவழித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வாஃபிள் நன்றாகவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

திறக்க மாட்டேன்

செய்தி ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வரை போய், அங்கிருந்து சிவநேசன் அண்ணையின் காதுக்கு வந்துவிட்டது. மறுநாள் மூச்சிரைக்க வந்தார். "போத்தலைத் திற, பாப்பம்." நான் மாட்டேன் என்றேன். போத்தல் அப்போதுதான் பிரிட்ஜிலிருந்து வெளியே வந்திருந்தது. குளிர் நாளில் ரி-பானே ரயிலுக்குள் ஏறியதும் மூக்குக்கண்ணாடியில் பனிப்புகார் படியுமே, அதேபோலக் குளிர்ந்த போத்தலைச் சூடான அறைக்குள் திறந்தால் காற்றிலுள்ள ஈரமெல்லாம் விதையில் படிந்துவிடும். போத்தல் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. "என்ரை விதை!" என்று கத்தினார். "உங்கடை விதைதான், என்ரை சாவி" என்று நானும் கத்தினேன். போத்தலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பிடுங்கட்டும் பார்ப்போம் என்று.

பிடுங்கவில்லை. எதிரே உட்கார்ந்தார். எனக்குப் பயம்தான், மூடி சரியாக இறுகியிருந்ததா, தண்ணீர் உள்ளே போயிருக்குமா என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஒரு பயிற்றங்காய்க்கு ஏன் இந்த மனிதர் இப்படித் துடிக்கிறார் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். போத்தலையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "இஞ்சை வந்த நாள் தொட்டு எனக்கு எல்லாம் அவங்கள் தந்தது, பிள்ளை. வீடு, வேலை, மருந்து. நான் இந்த மண்ணுக்குக் குடுத்தது எண்டு இது ஒண்டுதான் இருக்கு."

வெஸ்ட்லி மாடியில்

போத்தல் சூடேறிய பிறகு திறந்தோம். அரிசி முடிச்சு மொறுமொறுவென்றிருந்தது, விதை கல். ஒரு சிறு பிடியை ஈரக் காகிதத்தில் போட்டதில் அநேகமாக எல்லாம் வாலை நீட்டின. அண்ணைக்குப் போன உயிர் வந்தது. நான் விடவில்லை. ஒரே போத்தல், ஒரே பிரிட்ஜ், ஒரே வயர் என்று இருக்கும்வரை இது பாதுகாப்பே இல்லை, நாலு வீட்டில் பிரித்து வைக்க வேண்டும் என்றேன். "ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்" என்றார். அப்படியென்றால் போத்தலைக் கொண்டுபோய் மீனுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்றேன். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் தானாகவே வந்து, "முதல் பங்கு ஆருக்கு?" என்று கேட்டார். சந்திரா அக்காவுக்கு என்றேன். கண்ணாடி அடைத்த வெயில் பல்கனி அவரிடம் இருக்கிறது. வைத்திருந்து இடையில் ஒருமுறை நட்டுப் புது விதையும் எடுத்துத் தரலாம். சந்திரா அக்கா வருடக்கணக்காகக் கேட்டு, அவர் வருடக்கணக்காக மறுத்த விதை அது. அண்ணை சின்னப் போத்தல் ஒன்றில் அந்தப் பங்கை எடுத்துக்கொண்டு என்னோடு ரி-பானே ஏறினார்.

வாசலில் வைத்தே சின்னப் போத்தலை நீட்டினார். சந்திரா அக்கா வாங்கவில்லை. ஒருமாதிரி நெளிந்துகொண்டு நின்றார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பல்கனிக் கதவைத் திறந்தார். உள்ளே கம்பியில் காய்ந்துபோன கொடி. அதில் வேண்டுமென்றே விதைக்கு விட்ட நெற்றுகள், பழுப்பாக, நீள நீளமாக. சிவநேசன் அண்ணைக்கு ஒன்றைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. எப்போதோ ஒரு இலையுதிர் காலத்தில், அவருடைய கூடாரத்தின் கிழிசலால் வெளியே தொங்கிய ஒரு நெற்றை அக்கா ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அன்றிலிருந்து வருடாவருடம் நட்டு, விதை எடுத்து, திரும்ப நட்டு வருகிறார். இப்போது சண்டை வரப்போகிறது என்று நான் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன். அண்ணை நெற்றை உடைத்தார், விதையைப் பல்லில் வைத்துக் கடித்தார், பல் பதியவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. "எவ்வளவு நீளம் வந்தது?" என்று மட்டும் கேட்டார். சந்திரா அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "களவெடுத்தனான்தான், அண்ணை. ஆனால் கேக்கிற எல்லாருக்கும் சிவநேசன் பயிற்றை எண்டுதான் சொல்லிறனான், பேரைக் களவெடுக்கேல்லை."

ஆகவே என்னோடு சேர்ந்து அவதிப்படுகிறவர்களே, உலர்த்துங்கள், மூடுங்கள், குளிரில் வையுங்கள், அதோடு வேலியோரமாக ஒரு நெற்றை நல்ல கள்ளர் கைக்கு எட்டுகிறமாதிரித் தொங்கவும் விடுங்கள்.