அவிழ்க்கச் சொன்னவன் நான்

வெள்ளையன் இன்று விடியற்காலையில் காலமானார். சற்று முன்புதான் அவருடைய மகன் போன் செய்து சொன்னார்.

நண்பர்களில் பெரும்பாலோர் அவரை அறியமாட்டீர்கள். எழுபதுகளின் இறுதியில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஓர் ஏரியில் படகு ஓட்டியவர்.

அக்கரைச் சிற்றூர்களின் சாமையும் புளியும் சந்தைக்கு வருவது அந்த ஒரே படகில்தான். நான் தமிழாசிரியராக இருந்த பள்ளிக்குப் பிள்ளைகள் வருவதும் அதில்தான்.

துறை என்பது கருங்கல் படிகள். ஓர் இரும்பு வளையம். அவ்வளவே.

காற்று எழுந்தால் கட்டிய படகு கல்லில் மோதும், உரசும். நடு ஏரியில் சேதமாகாத மரம், கட்டிய இடத்தில் சேதமாகும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

அதற்கு வெள்ளையன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துத் தோல் பைகள், பம்ப்செட் வந்த பிறகு அடிவாரத்து ஊர்களில் வீணே கிடந்தன. அவற்றில் மூன்றைக் கேட்டு வாங்கி, சாமை வைக்கோலை அடைத்துத் தைத்து, படகின் விலாவில் தொங்கவிட்டிருந்தார்.

படகு கல்லை நோக்கி வரும். பை நசுங்கும். படகு மெல்லத் திரும்பிப் போகும்.

சந்தைக்குப் போகும் பெண்கள் அவரைச் சீண்டுவார்கள். "ஏன் வெள்ளையா, வூட்ல பொண்டாட்டிக்கு ஒரு தலகாணி உண்டா? படகுக்கு மட்டும் மூணா?"

"அவ கல்லுல போயி இடிச்சிக்கலியே" என்பார், துடுப்பை நிறுத்தாமல்.

ஓர் ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கு முருகனை அந்தப் படகில் ஏற்றித் தெப்பம் விடுவதென்று ஊர் முடிவு செய்தது. அலங்காரமும் பாராயணமும் என் பொறுப்பு.

அதற்கு முந்தின நாள் காலை துறைக்குப் போனேன். படகில் மாட்டுத் தோல் தொங்குவதைக் கண்டேன். பல நூறு முறை கண்டதுதான்... அன்று அது வேறாகத் தெரிந்தது.

இறைவன் எழுந்தருளும் ஓடத்தில் தோலா என்று கேட்டேன். உடனே அவிழ்க்கச் சொன்னேன். சாத்திரம் சொன்னேன். நாற்பது பேர் நின்று கேட்டார்கள். கேட்கிறார்கள் என்ற இன்பம் எனக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வெள்ளையன் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"ஆடிக் காத்துங்க சாமி. இது இல்லாங்காட்டி படகுக்கு இன்னா பண்றதுங்க?"

அவன் படகை அவன் பார்த்துக்கொள்வான் என்றேன். இறைவனைத்தான் சொன்னேன்.

பைகளை அவிழ்த்துக் கரையில் ஒதுக்குப்புறமாக வைத்தார். பிறகு இடுப்பளவு நீரில் இறங்கி, கல்லுக்கும் படகுக்கும் நடுவே நின்றுகொண்டார். காற்று தள்ளும்போதெல்லாம் முதுகைக் கல்லில் ஊன்றி, இரு கைகளாலும் படகை விலக்கினார்.

நண்பகல் வரை அப்படியே நின்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிற்பகலில் கோயிலில் பந்தற்கால் நட ஆள் போதவில்லை. அவரைக் கூப்பிட்டவனும் நானே. கொஞ்ச நேரம்தான் என்றேன். தயங்கினார். மீண்டும் கூப்பிட்டேன். வந்தார்.

நாங்கள் திரும்பியபோது படகின் விலாப்பலகை இரண்டு பிளந்து, பாதிப் படகு நீருக்குள் இருந்தது.

தெப்பம் நின்றது. அடுத்த நாள் கோயில் முன் ஊர் கூடியது. பெரியவர் ஒருவர் வெள்ளையனிடம் கேட்டார்: "தோலை ஏன்டா கட்டல?"

அவிழ்க்கச் சொன்னபோது நின்று கேட்ட நாற்பது பேரில் பலர் அங்கே இருந்தார்கள். எவரும் வாய் திறக்கவில்லை. வாத்தியாரே சொல்லட்டும் என்று இருந்திருப்பார்கள்.

வெள்ளையன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார்.

"மறந்துட்டேங்க."

நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன். அன்று என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்... வாய்மையைப் பற்றி ஒவ்வொரு வாரமும் வகுப்பெடுத்தவன் நான்.

படகு செப்பனிடப்பட்டபோது துடுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. வெள்ளையன் அமிர்திப் பக்கம் கூலி வேலைக்கு இறங்கிவிட்டார். 'படகை ஒடச்ச வெள்ளையன்' என்பது அவர் பெயராயிற்று. அவருடைய பிள்ளையையும் ஊரில் அப்படியே அடையாளம் சொன்னார்கள்.

சில ஆண்டுகள் கழித்து வேலூரிலிருந்து மலையேறும் பேருந்தில் அவரைக் கண்டேன். நல்ல கூட்டம். என்னைக் கண்டதும் எழுந்து, "குந்துங்க சாமி" என்றார்.

உட்கார்ந்தேன். மலைப்பாதை முழுவதும் அவர் நின்றுகொண்டு வந்தார். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். நான் படகைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்... மழை பெய்ததா என்று கேட்டேன்.

இன்று போனில் அவர் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பா வீட்டில் இதைச் சொன்னதே இல்லையாம். அம்மாவுக்கும் தெரியாதாம்.

மகன் சொன்னது இது:

"அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சாமி."



அந்த ஊர்க்காரர்கள் எவரேனும் இதைப் படித்தால் வீட்டில் மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். படகு சேதமானது வெள்ளையனின் மறதியால் அன்று. என் சொல்லால்.

காரியத்தன்று வந்து ஊரார் முன்னிலையில் நானே சொல்கிறேன் என்றேன். மகன் வாருங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போகிறேன்.

அமைதியாகச் சென்று வாருங்கள், வெள்ளையன்.