டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

எண்பதுகளின் நடுவில், மழை பொய்த்த வருஷங்களில், நிலத்தடி நீர் தேடும் ஒரு பிரிவில் வேலை பார்த்தேன். அலுவலகம் கிருஷ்ணகிரியில். ஓசூரில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் வேண்டும். ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களுக்கும் வேண்டும். கருவியோடு போய், கம்பிகளைத் தரையில் அடித்து, எங்கே ஆழ்துளை போட்டால் தண்ணீர் வரும் என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. வயது இருபத்தாறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவன்.

எனக்கு ஒரு ஜீப் கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் வண்டி, கித்தான் கூரை. என்னைவிட ஓரிரு வயது இளையதாக இருக்கலாம். பாறையிலும் ஆற்று மணலிலும் நான்கு சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து ஏறிவிடும். ஆனால் தினமும் ஏதாவது ஒரு நோவு. ஸ்டார்ட்டர் ஊமையாகிவிட்டால் அதன் முதுகில் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பாட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் ஒருமுறை கசிந்தபோது, ஒரு வீட்டில் கசிவை அடைக்க ஒரு கைப்பிடி மஞ்சள்தூள் வாங்கி உள்ளே போட்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

இதையெல்லாம் செய்தவர் டிரைவர். ஐம்பதை நெருங்கியவர், சூளகிரிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். அதிகம் பேசமாட்டார். காலையில் வண்டியை எடுக்குமுன் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார், இஞ்சினில் ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவிப் பார்ப்பார், டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பார். அவரை நான் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் அப்படித்தான். அவர் என்னை ‘சார்’ என்றார்.

ஒரு கோடையில் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. ஓடிய தூரத்துக்கும் செலவான பெட்ரோலுக்கும் பொருந்தவில்லை. நான் கருவியைத் தூக்கிக்கொண்டு பாறைக் கரட்டில் ஏறிப்போனால் இறங்கிவர நாலு மணி நேரம் ஆகும். அதுவரை வண்டி கீழே புளியமரத்தடியில் நிற்கும். கூடவே அவர் மட்டும் இருப்பார். வேறு யாரையும் என்னால் நினைக்க முடியவில்லை.

நேரடியாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஓசூருக்குப் போன ஒரு நாளில் உதிரிபாகக் கடையில் பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்று வாங்கினேன். எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டார். ஜீப்புக்கு என்றேன். “வாய் சரியா இருந்தா போதும், எடுத்துக்கங்க” என்றார். வாய் சரியாகத்தான் இருந்தது. அலுவலக வாசலில் நானே பழைய மூடியை எடுத்துவிட்டு அதைத் திருகிப் பூட்டினேன். டிரைவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க சார் பூட்டு?”

“போற இடமெல்லாம் பசங்க கையை வைக்கிறாங்கல்லா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். சாவியை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பூட்டிய பிறகும் பெட்ரோல் குறைந்தது. அப்போதாவது எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடியில் படுத்துக் குழாயைக் கழற்றி எடுக்கிறார் என்று முடிவு செய்தேன். ‘அண்ணே’ என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த வாரத்தில்தான் இருக்க வேண்டும்.

பிறகு ஜீப் வழியில் நிற்க ஆரம்பித்தது. முதல் தடவை ஊத்தங்கரைச் சாலையில். முக்கால் மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி இருமியது, உதறியது, நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் தூக்கினார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி வந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை.

“சூட்டுக்குக் குழாயிலயே பெட்ரோல் ஆவியாயிடுதுங்க” என்று சொல்லி, சாக்குத்துணியை நனைத்துப் பம்பின்மேல் போட்டார். அரை மணி நேரம் காத்திருந்தோம். கிளம்பியது. அதனால் இரண்டுபேருமே அதை நம்பினோம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுமுன்பே, குருபரப்பள்ளி தாண்டி நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஈரச்சாக்கு. சில தடவை உடனே கிளம்பும், சில தடவை அரை மணி ஆகும். நிற்கும்போது பெரும்பாலும் நான் இறங்கிப்போய்ப் பூட்டைத் திறந்து, உள்ளே பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சியை விட்டுப் பார்ப்பேன். எப்போதும் இருந்தது. அலுத்துப்போய் நான் இறங்காமல் உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு.

தூரக் கிராமங்களுக்குப் போக விருப்பமில்லாமல் இவர்தான் நிறுத்துகிறார் என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“வேணும்னே நிப்பாட்டுதீங்களா?”

அவர் சாக்குத்துணியைப் பிழிந்து, மடித்து, சீட்டுக்கு அடியில் வைத்தார்.

ஊத்தங்கரைக்குத் தெற்கே ஒரு மலையடிவாரக் கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வண்டித்தடம் முழுக்க உருண்டைக் கற்கள். ஒரு பக்கம் பள்ளம். நான்கு சக்கர இழுவையில், முதல் கியரில் ஏறினோம். ஏற்றத்தின் நடுவே இஞ்சின் நின்றது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார், ஹேண்ட்பிரேக்கையும் இழுத்தார். ஒரு அடி வழுக்கித்தான் பிடித்தது.

“சார், கல்லு! கல்லு வைங்க!”

குதித்தேன். கைக்கு எட்டிய கல்லை உருட்டிப் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டேன், இன்னொன்றையும் போட்டேன். அவர் மெதுவாகக் காலை எடுத்துப் பார்த்தார். வண்டி நின்றது. அவர் கீழே இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இப்படி ஒரு இடத்தில் யாரும் வேண்டுமென்று இஞ்சினை நிறுத்தமாட்டார்கள் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு அவர் சொன்னார்:

“சார், டேங்க் மூடியைத் தொறங்க.”

“பெட்ரோல் இருக்கே. காலையிலதானே போட்டோம்.”

“இருக்குதுங்க. சும்மா தொறங்க. காத வெச்சுக் கேளுங்க.”

சாவியைப் போட்டுத் திருகினேன். மூடி தளர்ந்ததும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. இத்தனை நாள் திறந்தும் நான் கவனிக்காத சத்தம். நீளமான மூச்சு. வெளிக்காற்று டேங்குக்குள் போகிற சத்தம். அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அமுக்கினார். கொஞ்சம் இழுத்துவிட்டு இஞ்சின் கிளம்பியது. ஈரச்சாக்கு அன்றைக்குச் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது.

பழைய மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருந்தது. நான் வாங்கிய மூடியில் இல்லை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராமல், பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த விஷயம்தான்.

“இது எப்போ தெரிஞ்சுது?”

“மூணாவது வாட்டி நின்னப்பவேங்க. நீங்க தொறந்து பாத்த அன்னிக்கெல்லாம் ஒடனே கிளம்புச்சு. தொறக்காத அன்னிக்கு அரை மணி ஆச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா?”

அவர் சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பூட்டைத் தொறங்கன்னு நான் சொன்னா நீங்க இன்னா நெனைப்பீங்க சார்?”

மூடியைப் பூட்டாமல், அரைத்திருகில் விட்டு, மேலே துணி சுற்றினேன். மிச்ச ஏற்றத்தை ஏறி, அன்றைய வேலையை முடித்துத் திரும்பினோம். வழியில் எங்கும் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை ஓசூருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், வார விடுமுறையில் தன் வீட்டின் பக்கத்துக் காலியிடத்தில் பழைய ஜீப்புகளைப் பழுதுபார்ப்பார். மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

“ஜீப்புக்கு யாருங்க பூட்டு போடச் சொன்னது?”

நான் வாயைத் திறக்குமுன் டிரைவர் முந்திக்கொண்டார். “கிராமத்துல பசங்க கைய வெக்கறாங்க.” நான் அவரிடம் சொன்ன அதே பொய்யை, ஒரு மாதம் கழித்து, எனக்காக அவர் சொன்னார்.

மூடியில் துளைபோட்டுக் கொடுத்த பிறகு மெக்கானிக், வழக்கமாகச் செய்வதுபோல, ஆயில் கம்பியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

“ஆயில் எப்ப ஊத்துனீங்க?”

“ஒரு மாசமா ஊத்தவே இல்லீங்க” என்றார் டிரைவர். “கொறையவே இல்ல. சொல்லப்போனா ஏறித்தான் இருக்குது.” குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மெக்கானிக் கம்பியை என்னிடம் நீட்டினார். “மோந்து பாருங்க.”

பெட்ரோல் வாடை. ஆயில் தண்ணீராக ஓடியது. பம்பைக் கழற்றி உள்ளேயிருந்த ரப்பர் தகட்டை எடுத்துக் காட்டினார். நடுவில் விரல்நக அளவுக்குக் கிழிந்திருந்தது. வண்டி ஓடும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாகப் பெட்ரோல் இஞ்சினுக்குள் இறங்கியிருக்கிறது. “பாதி சூட்டுல ஆவியாப் போயிடும், பாதி ஆயில்ல கலந்துடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இஞ்சினே இறுகிப் பிடிச்சிருக்கும்” என்றார். இரண்டு மணி நேரத்தில் புதுத் தகடு போட்டு, ஆயிலை மாற்றிக் கொடுத்தார்.

டிரைவர் அந்தக் கிழிந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் கம்பியை உருவியவர், ஒருநாள்கூட மோந்து பார்க்கவில்லை. அந்த வெட்கம் அவர் முகத்தில் இருந்தது. என்னுடையது வேறு வெட்கம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில், சூளகிரி தாண்டியதும், சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

“அண்ணே, நான் உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன்.”

“பரவால்லீங்க சார்” என்றார். அடுத்த வளைவில் கியரை மாற்றினார். “பம்பு நல்லா இழுக்குதுங்க இப்ப.”

அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசவில்லை. பெட்ரோல் சரியாக இருந்தது, வண்டியும் நிற்கவில்லை. அந்த மழைக்காலம் முடியுமுன் அவர் தர்மபுரிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். காரணம் குடும்ப வசதி என்று போட்டிருந்தது. அவர் வீட்டுக்குக் கிருஷ்ணகிரிதான் பக்கம், தர்மபுரி தூரம். நான் அதைக் கேட்கவில்லை. தாளில் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசி நாளன்று புது டிரைவரை ஜீப்பைச் சுற்றி அழைத்துக்கொண்டுபோய், எதை எங்கே தட்ட வேண்டும், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்று ஒரு மணி நேரம் தெலுங்கில் விளக்கினார். நான் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்குப் புரிந்தது பாதிதான். பிறகு உள்ளே வந்து, “வர்றேன் சார்” என்றார். “சரிங்க அண்ணே” என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார்.