மண்ணெண்ணெயில் நிறுத்தியவன்

யூட் படகிலிருந்து இறக்கப்பட்டதற்கு நான்தான் காரணம். அவன் ஒரு பிழையும் செய்யவில்லை. என் பிழையைத் தெரிந்தே அவன் தலையில் கட்டினேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறேன், முகத்துவாரத்தில் படகு எஞ்சின் திருத்துகிறேன். பெர்னாட் கை வைத்தால் ஓடும் என்று கரையில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனையும்... வெட்கக்கேடு!

எங்கள் பழைய எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, சற்று ஓடவிட்டே நிறுத்த வேண்டும். இல்லையேல் கார்பரேட்டருக்குள் மண்ணெண்ணெய் தங்கிப் பிசினாகிவிடும். 'மண்ணெண்ணெயில் நிறுத்துகிறவன்' என்று பெயரெடுத்தவனை நம்பி எவரும் எஞ்சினைக் கொடுப்பதில்லை.

எட்வினுடைய படகில் எஞ்சினைப் பிடித்தவன், அவன் மனைவியின் தம்பி யூட். ஒருநாள் நடுக்கடலில் எஞ்சின் திரும்பத் திரும்ப நின்றுபோனது. வேறொரு படகு கட்டியிழுத்துக் கொண்டுவந்து சேர்த்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

எண்ணெய்த் தாங்கியின் காற்றுத் திருகு முறைப்படி திறந்தே இருந்தது. வடிகட்டியில் தண்ணீர் இல்லை. ஓடவிட்டுப் பார்த்தேன். எஞ்சின் முனகத் தொடங்கியதும், எண்ணெய்க் குழாயின் நடுவே உள்ள ரப்பர்க் கைப்பம்பு, பட்டினி கிடந்த வயிறுபோல ஒட்டிப்போனது.

அப்படி ஒட்டினால் அர்த்தம் ஒன்றுதான். தாங்கியிலிருந்து கைப்பம்பு வரைக்குமான குழாயில் அடைப்பு. மூன்று வாரத்துக்கு முன் அந்தக் குழாயை மாற்றியது யார்? நானேதான்! நல்ல குழாய் கிடைக்காத நேரம், மருதானையில் வாங்கிய தண்ணீர்க் குழாயொன்றை வெட்டிப் போட்டிருந்தேன். மண்ணெண்ணெயில் ஊறி அதன் உள்தோல் உரிந்து, எஞ்சின் உறிஞ்சும்போதெல்லாம் வழியை மூடியிருக்கிறது. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"எதில அண்ணே பிழை?" எட்வின் கேட்டான்.

"மண்ணெண்ணெயில நிப்பாட்டியிருக்கு. கார்பரேட்டர் அடைச்சுப்போச்சு."

என் குரல்கூட நடுங்கவில்லை.

"இல்லண்ணே! நான் மாத்திப்போட்டுத்தான் நிப்பாட்டினனான். அந்தோனியார் மேல சத்தியம்!" என்று யூட் கத்தினான்.

அவர்கள் கண்ணெதிரே கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அதில் கழுவ ஒன்றுமே இருக்கவில்லை. இருவரும் தேநீர்க் கடைக்குப் போனதும், அதற்குள் என் கடைக்கு வந்து சேர்ந்திருந்த நல்ல குழாயில் ஒரு துண்டைக் கொண்டுவந்து மாட்டினேன். மறுநாள் முதல் எஞ்சின் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அதுவே யூட்டுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது!

எட்வின் அவனை இறக்கிவிட்டான். வேறு படகுகளும் ஏற்றவில்லை. இப்போது புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறான். அக்கா வீட்டு வாசலையும் அவன் மிதிப்பதில்லை என்று கேள்வி.

ஏன் சொல்லாமல் இருந்தேன்? முதல் வாரம் பயம். பிறகு... பிறகு பழகிவிட்டது.

போன மாதம் யூட் என் கடைக்கு வந்தான். விஷயம் தெரிந்துதான் வருகிறான் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு ஒருவித நிம்மதிகூட வந்தது.

அவன் உட்காரவில்லை. "அண்ணே, நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தனான். அதுக்கு முதல்நாள் நல்ல மழை. கரைக்கு வாற அவசரத்தில மாத்த மறந்திருப்பன் போல. அது தெரியாம சத்தியமும் பண்ணிட்டன். உங்களப் பொய்யன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான்... மனசில வச்சுக்கொள்ளாதீங்கோ."

தான் செய்யாததைச் செய்ததாக அவனே நம்பத் தொடங்கிவிட்டான்! அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இருவருக்கும் நடுவே ஒரு மேசை மட்டும்தான் இருந்தது.

"பரவாயில்ல, விடு," என்றேன்.

மன்னித்து அனுப்பிவிட்டேன்... அவனை, நான்!